வன்னி மண்ணும் குளக்கட்டும்: மண் ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள், இறுதியாண்டு மாணவர்கள், வீடு கட்டுபவர்கள், கமக்காரர் எனப் பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் வேறு வேறாகத் தெரியும். ஆனால் முக்கால்வாசிப் பதில்கள் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: மண்ணுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அது மாரிக்கும் கோடைக்கும் இடையில் எப்படி மாறுகிறது. வன்னியில் இதைவிட முக்கியமான ஆராய்ச்சிக் கேள்வி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

புவித்தொழில்நுட்பப் பொறியியல் என்றால் என்ன?

குடிசார் பொறியியலின் ஒரு கிளை. வீடு, பாலம், வீதி, அணை எல்லாம் கடைசியில் மண்ணிலோ பாறையிலோதான் நிற்கின்றன. அந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு அமரும், தண்ணீரை எவ்வளவு கசிய விடும், எப்போது சரியும் என்று அளந்து சொல்வது இதன் வேலை. கார்ல் தெர்சாகி 1925-இல் வெளியிட்ட நூலோடு இது தனி விஞ்ஞானமாக நிலைபெற்றது. மண்ணின் மேல் வரும் பாரத்தில் ஒரு பங்கை அதன் துளைகளில் உள்ள நீர் தாங்கிக்கொள்கிறது. மிச்சத்தைத்தான் மண்மணிகள் ஒன்றையொன்று அழுத்தித் தாங்குகின்றன. அந்த மிச்சமே மண்ணின் பலத்தைத் தீர்மானிக்கிறது. இது அவர் காட்டியது. மழையில் நீர் தாங்கும் பங்கு கூடினால் அந்த மிச்சம் குறையும். கோடை முழுக்க அசையாமல் நின்ற கட்டு மார்கழி மழையில் சரிவதற்கு விளக்கம் இதற்குள்ளேயே இருக்கிறது.

இதை வன்னியிலேயே படிக்க முடியுமா?

முடியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. 2014-இல் முதல் மாணவர் அணி அங்கே வந்தது. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படித்து, இசற் புள்ளி அடிப்படையில் அனுமதி பெற வேண்டும். நான்கு வருடப் படிப்பு, ஆங்கில மொழி மூலம். இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுத்திட்டம் செய்தே ஆகவேண்டும். விவசாய பீடமும் அதே அறிவியல் நகரில்தான் இருக்கிறது. மண்ணையும் நீரையும் ஆராய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி, ஆனால் இரண்டு பீடத்துப் பிள்ளைகளும் சேர்ந்து வேலை செய்வது இன்னும் கூட வேண்டும். பாம்பைமடுவில் உள்ள வளாகம் 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே பொறியியல் இல்லை, சூழல் விஞ்ஞானம் இருக்கிறது.

ஆராய்வதற்கு வன்னியில் அப்படி என்ன இருக்கிறது? காடும் வயலும்தானே?

காட்டுக்கும் வயலுக்கும் கீழே இருப்பதைப் பாருங்கள். இலங்கையின் பழம்பாறைகளைப் புவிச்சரிதவியலாளர் சில பெருந்தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர். வவுனியாவில் கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தட்டுப்படும் கருங்கல் அந்தக் குடும்பம். அங்கிருந்து வடக்கேயும் மேற்கே மன்னார்க் கரை நோக்கியும் போனால், பின்னாளில் கடலடியில் படிந்த மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் வருகிறது. முல்லைத்தீவுக் கரையில் மணல். நந்திக்கடல், ஆனையிறவுப் பக்கம் உப்பேறிய மென்சேறு. முருங்கனில் கறுப்புக் களி. ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் பக்கத்திலேயே கிடைத்தது, களிமண் முருங்கனிலிருந்துதான் போனது.

ஆக, மோட்டார் சைக்கிளில் ஒரே நாளில் ஓடி முடிக்கக்கூடிய தூரத்துக்குள் நான்கைந்து முற்றிலும் வேறுபட்ட மண்கள். மேலே, மாதக்கணக்கில் வெயில், பிறகு ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. நனைந்து உலர்ந்து நனைந்து உலர்ந்து மண் என்ன ஆகிறது என்று பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பாடப்புத்தகங்களில் உள்ள சமன்பாடுகள் பெரும்பாலும் நீரால் முழுக்க நிறைந்த மண்ணுக்கு எழுதப்பட்டவை. இங்கே வருடத்தின் பெரும்பகுதி மண் பாதி ஈரம், பாதி காற்று. அந்த நிலையில் துளைகளில் உள்ள நீர் மண்மணிகளை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால் மண்ணுக்குக் கூடுதல் பலம் வருகிறது. முதல் மழையோடு அந்தப் பலம் போகிறது. எவ்வளவு போகிறது, எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதை நம் மண்ணில் வைத்து அளக்க வேண்டும்.

புதிதாகக் கட்டிய வீட்டுச் சுவர் வெடிக்கிறது. மேசன் சரியில்லையா?

சில இடங்களில் மேசன் வேலையும் காரணம்தான். ஆனால் களிநிலத்தில் முதலில் மண்ணைச் சந்தேகியுங்கள்.

முருங்கன் களி போன்றவற்றில் இருக்கும் கனியம் நீரைத் தன் அடுக்குகளுக்கு இடையில் இழுத்து வீங்கும், உலரும்போது சுருங்கும். கோடையில் வயலில் கை நுழையும் அளவுக்கு நிலம் பிளந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான் அத்திவாரத்துக்குக் கீழும் நடக்கிறது. மாரியில் வீட்டைச் சுற்றியுள்ள மண் முதலில் நனைந்து வீங்கி ஓரங்களைத் தூக்குகிறது. நடு வீட்டின் கீழ் உள்ள மண் அவ்வளவு வேகமாக நனைவதில்லை. கோடையில் இதற்கு எதிர்மாறாக ஓரங்கள் இறங்குகின்றன. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு இதன் அடையாளம். ஒரு மாடி வீடு நிலத்தை அழுத்துவது பெரும்பாலும் 50 கிலோபாஸ்கலுக்குள்தான். நன்றாக வீங்கும் களி 100 கிலோபாஸ்கலுக்கு மேலும் மேல்நோக்கித் தள்ளும். பாரம் குறைந்த வீடுதான் கூடுதலாக அடிபடுகிறது. போருக்குப் பிறகு வீட்டுத்திட்டங்களில் கட்டப்பட்டவை பெரும்பாலும் இப்படிச் சிறிய, பாரம் குறைந்த வீடுகள். அதனால்தான் வன்னியில் இந்த ஆராய்ச்சி மிக அவசரமானது என்று சொல்கிறேன்.

இன்னொரு காரணம் வன்னிக்கே உரியது. பதுங்குகுழிகளும் நீண்ட மண் அணைகளும் இருந்த நிலங்கள் பின்னர் பெக்கோவால் நிரவப்பட்டன. அப்படி நிரவிய மண் இறுக்கப்படாமல் தளர்வாகவே கிடக்கும். வீட்டின் பாதி பழைய நிலத்திலும் பாதி நிரவிய குழியிலும் நின்றால், முதல் பெருமழையில் ஒரு பக்கம் மட்டும் அமரும். அத்திவாரம் வெட்டுமுன் அயலிலுள்ள மூத்தவர்களிடம் இந்தக் காணியில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள்.

வெடிப்பு வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

உடனே பூசி மூடாதீர்கள். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதியை எழுதுங்கள். அகலத்தையும் அளந்து குறியுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் பாருங்கள். மாரிக்கும் கோடைக்கும் திறந்து மூடினால் அது வீங்கும் மண். ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டே போனால் அமர்வு, அதற்குப் பொறியியலாளரைக் கூப்பிட வேண்டும்.

இதற்கிடையில் ஈரம் ஏறி இறங்குவதைக் குறைக்கலாம். கூரைத் தண்ணீர் அத்திவாரத்தடியில் விழாமல் பீலி வைத்துத் தள்ளி விடுங்கள். குளியலறைத் தண்ணீரைச் சுவரோரமாக விட்டு வாழை வைப்பது நம்மூர்ப் பழக்கம், களிநிலத்தில் அதை விட்டுவிடுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு மீற்றருக்குக் குறையாமல் வெளிப்பக்கம் சாய்வாகச் சீமெந்துத் தளம் போடுங்கள். பெரிய மரம் கோடையில் களியை மேலும் உலர்த்தும். அது எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நட்டால் நல்லது. புதிதாகக் கட்டுபவர்கள் என்றால் அத்திவாரத்தை ஆழமாக்கி, களியை அகற்றிக் கிரவல் போட்டு இறுக்கி, அத்திவாரத்தின் மேல் சுற்றிவரக் கம்பிக் கொங்கிறீட் வளையம் போட்டால் பெரும்பாலான தலையிடி குறையும்.

என் காணி மண் வீங்குமா என்று நானே பார்க்கலாமா?

ஓரளவுக்குப் பார்க்கலாம். நன்றாக உலர்த்தி அரித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுசாடிகளில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி வீங்காது. நன்றாகக் கலக்கிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தண்ணீரில் உள்ள மண்ணின் கனவளவு மண்ணெண்ணெயில் உள்ளதைவிட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறது என்று கணக்கிடுங்கள். 50 சதவீதத்துக்கு மேல் போனால் கவனம் வேண்டும், 100-ஐத் தாண்டினால் பொறியியலாளரைக் கேட்காமல் அத்திவாரம் போடாதீர்கள். பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்யக்கூடிய சோதனை இது. உயர்தர மாணவர்கள் தங்கள் கிராமத்தின் ஐந்தாறு காணிகளுக்கு இதைச் செய்து ஒரு வரைபடத்தில் குறித்தால் அதுவே பயனுள்ள ஆராய்ச்சி.

உமிச் சாம்பலால் மண்ணைப் பலப்படுத்தலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் சாம்பல் தனியாக அதிகம் செய்யாது. நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒன்று உமி, அந்த உமியை எரித்தால் அதில் சுமார் ஐந்தில் ஒன்று சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. சுண்ணாம்போடு ஈரத்தில் சேரும்போது அது மெல்ல மெல்ல வினைபுரிந்து சீமெந்து போல இறுகுகிறது. களிக்குச் சுண்ணாம்பு மட்டும் சேர்த்தாலும் பலன் உண்டு, வழக்கமாக 3 முதல் 8 சதவீதம். வீக்கம் குறையும், மண் பொலபொலவென்று உதிரியாகும்.

உமியை எப்படி எரிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சூடு கட்டுப்பாட்டில் இருந்தால், ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்குள், சிலிக்கா வினைபுரியும் வடிவத்தில் இருக்கும். அதற்கு மேல் நெடுநேரம் எரிந்தால் பளிங்காகி மந்தமாகிவிடும். ஆகவே ஆய்வுகூடத்தில் உலையில் எரித்த சாம்பலைக் கொண்டு அருமையான முடிவு காட்டிவிட்டு, அதை அரிசி ஆலைக்குப் பின்னால் குவிந்திருக்கும் சாம்பலுக்கும் பொருத்திச் சொல்வது சரியில்லை. பரந்தன், கிளிநொச்சி ஆலைகளில் இருந்து அள்ளிய சாம்பலையே சோதியுங்கள்.

குளக்கட்டில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை? நம் முன்னோர் ஆராய்ச்சி இல்லாமலே கட்டினார்களே.

அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் திருத்தித்தான் கட்டினார்கள். கட்டுக்கரைக்குளம், வவுனிக்குளம் போன்றவற்றின் இடத்தேர்வைப் பார்த்தாலே தெரியும். இரணைமடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, பின்னர் கட்டு உயர்த்தப்பட்டது. இன்று நாம் எதிர்கொள்வது பழைய மண்கட்டு, அதன் மேல் புதிய மண், கூடிய நீர்மட்டம், மாறிவரும் மழை எல்லாம் சேர்ந்த நிலைமை. 2018 டிசம்பரில் ஓரிரு நாளில் கொட்டிய மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை இங்கு யாரும் மறக்கவில்லை. கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் எவ்வளவு மழை பெய்தால் எத்தனை மணித்தியாலத்தில் எவ்வளவு நீர் குளத்துக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்வது நல்ல ஆராய்ச்சி. உயிர் காக்கும் ஆராய்ச்சியும் அதுதான்.

மண்கட்டு உடைவதற்கு மேலால் வழிவது ஒரு காரணம். இன்னொன்று உள்ளரிப்பு. கட்டுக்குள்ளால் கசியும் நீர் நுண்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவந்து, வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி ஒரு குழாயை உண்டாக்கும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் துருசைச் சுற்றியுள்ள இடம் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் கொங்கிறீட்டுக்கும் மண்ணுக்கும் இடையில் நீர் எளிதாக வழி கண்டுபிடிக்கும். கரையான் புற்று, உடும்பு வளை, வெட்டிய மரத்தின் உக்கிய வேர் எல்லாம் ஆயத்தமாக இருக்கும் குழாய்கள்தான். கோடையில் கட்டின் மேல் வெடித்த களி, முதல் வெள்ளம் வேகமாக நிறையும்போது மூடிக்கொள்ள நேரம் கிடைக்காமல் நீரை உள்ளே விடும். அப்புறம், நீர்மட்டம் திடீரென இறங்கினால் உட்பக்கச் சரிவு வழுக்கும்: கட்டுக்குள் நீர் இன்னும் நிற்கிறது, வெளியே அதைத் தாங்கிப் பிடித்த குளத்து நீர் போய்விட்டது. இந்த ஒவ்வொன்றும் ஓர் இறுதியாண்டு ஆய்வுக்குப் போதும்.

கமக்காரர் குளக்கட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

கசிவின் நிறத்தை. தெளிந்த நீர் அளவாகக் கசிவது பல கட்டுகளில் உண்டு, அதைக் குறித்து வைத்துக் கூடுகிறதா என்று பார்த்தால் போதும். கலங்கல் நீர் வந்தால் மண் வருகிறது என்று அர்த்தம், அன்றைக்கே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கமநல சேவை நிலையத்துக்கோ சொல்லுங்கள். கசியும் வாயைக் களியால் அடைக்காதீர்கள், நீர் வேறு வழி தேடும். மணலும் சரளையும் நிரப்பிய மூட்டைகளை மேலே அடுக்கினால் நீர் போகும், மண் நிற்கும். உங்கள் கட்டு மண்ணில் ஒரு சிறு கட்டியை வடிநீர் உள்ள கண்ணாடிக் குவளையில் மெதுவாக வைத்துப் பாருங்கள். கட்டியைச் சுற்றிப் பால் போலப் புகை பரவினால் அது தானாகக் கரைந்து போகும் சோடியக் களி. அந்தத் தகவல் பொறியியலாளருக்கு மிகவும் உதவும்.

கட்டை உயர்த்துவதை விடக் குளத்தை ஆழமாக்கினால் என்ன?

எல்லா கமக்காரர் கூட்டத்திலும் வரும் கேள்வி. துருசின் மட்டத்துக்குக் கீழே தோண்டியதில் நிற்கும் நீர் வாய்க்காலுக்குத் தானாக வராது. மாட்டுக்கும் மீனுக்கும் நிலத்தடி நீருக்கும் உதவும், வயலுக்கு உதவாது. குளத்தின் அடியில் படிந்த களிதான் பல குளங்களில் நீர் கீழே இறங்காமல் தடுக்கிறது. அதை வெட்டி மணலைத் திறந்துவிட்டால் குளம் முன்னதைவிட வேகமாக வற்றும். கட்டின் அடியோரமாக மண் எடுப்பது எந்த நிலையிலும் கூடாது. தூர்வார விரும்பினால் முதலில் அலைகரைப் பக்கம் சில இடங்களில் துளையிட்டு, களி எத்தனை அடி என்று பாருங்கள்.

கிரவல் வீதி ஏன் ஒவ்வொரு மாரியும் பழுதாகிறது?

பெரும்பங்கு காரணம் தண்ணீர் ஓட வழியில்லாதது. வீதியின் நடு உயர்ந்து இரு பக்கமும் சரிந்திருக்க வேண்டும், வடிகால் திறந்திருக்க வேண்டும், மதகு அடைபடாமல் இருக்க வேண்டும். மிச்சம் இறுக்கம். றால்ஃப் புரொக்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1933-இல் காட்டிய விஷயம் இது: ஒரே அளவு சக்தியால் இறுக்கினாலும், ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் மண் அதிக அடர்த்திக்கு வரும். புட்டுக்கு மாக் குழைக்கிறவருக்கு இது தெரியும். தண்ணீர் குறைந்தால் மா பிடிக்காது, கூடினால் களியாகும். நடைமுறையில் என்ன நடக்கிறது? டிப்பர் கிரவலைக் கொட்டும், கடும் வெயிலில் அது காய்ந்துபோகும், பவுசர் வராது, றோலர் மட்டும் இரண்டு தரம் ஓடும். மேற்பரப்பு வழுவழுப்பாகத் தெரியும். உள்ளே தளர்வு. ஆய்வுகூடத்தில் வீதி மண் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் சி.பி.ஆர் சோதனைக்கு முன் மாதிரியை நான்கு நாள் நீரில் ஊறவைப்பது சும்மா இல்லை. மாரியில் நம் வீதிகள் அதே நிலையில்தான் கிடக்கின்றன.

மண் மாதிரி எடுக்க எங்கும் போகலாமா?

கூடாது. வன்னியில் இதை எழுதாமல் விட முடியாது. முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் மிதிவெடி அகற்றும் வேலை தொடர்ந்தது. மேற்பரப்பில் ஆட்கள் நடந்து திரியும் இடம் என்பதற்காக ஒன்றரை மீற்றர் ஆழத்துக்குத் துளையிடுவது பாதுகாப்பு ஆகிவிடாது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் நிலம் விடுவிக்கப்பட்டதா என்று கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். புதரோரம், காட்டோரம், பழைய காவலரண் இருந்த இடங்களில் தனியே போகாதீர்கள். மண்ணுக்குள் உலோகம் தட்டுப்பட்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி, பொலிசுக்குச் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் இந்த ஒழுங்கைத் தவிர்க்க வேண்டாம்.

கணினியில் மாதிரியாக்கம் செய்தால் போதாதா? கருவிகள் விலை கூடியவை.

கணினிக்குக் கொடுக்கும் எண் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பாரத்தின் கீழ் களி எப்படி உருமாறும் என்று கணிக்க இன்று உலகெங்கும் மென்பொருட்களில் இருக்கும் கேம் கிளே மாதிரியின் அடித்தளத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரின் உழைப்பு இருக்கிறது. வடமராட்சி கம்பர்மலையைச் சேர்ந்த பேராசிரியர் அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜில் களியையும் மணலையும் சோதனைக்கருவியில் வைத்து, உருமாறும்போது சக்தி எப்படிச் செலவாகிறது என்று பொறுமையாக அளந்தார். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களான றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு அவர் சேர்ந்து எழுதிய 1963-ஆம் ஆண்டுக் கட்டுரை இந்தத் துறையின் அடிப்படைகளில் ஒன்று. பின்னர் பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாகவும், 1988 முதல் 1994 வரை, போர்க்காலத்தின் கடினமான ஆண்டுகளில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். அவருடைய மாதிரி சோதனைக் கருவியின் முன்னால் பிறந்தது.

விலை கூடிய கருவி இல்லாமலும் நிறையச் செய்யலாம். ஒரு தராசு, ஓர் உலர்த்தும் அடுப்பு, ஒரு கைத்துளைப்பான் இருந்தால் ஒரே இடத்தில் அரை மீற்றர், ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் ஆழங்களில் ஈரப்பதனை மாதாமாதம் ஒரு வருடம் அளக்கலாம். ஈரம் எந்த ஆழத்துக்குக் கீழே மாறாமல் நிற்கிறது என்று முருங்கனுக்கோ துணுக்காய்க்கோ ஒருவர் சொன்னால், அத்திவார ஆழத்தை அதிலிருந்தே தீர்மானிக்கலாம்.

கடற்கரைப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஏதும் உண்டா?

உண்டு. முல்லைத்தீவு, பூநகரிப் பக்கங்களில் உவர்க்கிணற்று நீரில் கொங்கிறீட் குழைக்காதீர்கள், கழுவாத கடல்மணலும் வேண்டாம். உப்பிலுள்ள குளோரைட்டு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீட்டைப் பிளக்கும்.

பெண் பிள்ளைகள் களவேலைக்குப் போக முடியுமா?

போகிறார்கள், துளைப்பான் பிடிக்கிறார்கள், றோலர் சாரதியிடம் இன்னும் நான்கு தரம் ஓட்டச் சொல்கிறார்கள். பெற்றோர் கேட்க வேண்டியது போக்குவரத்தும் மலசலகூட வசதியும் ஒழுங்கா என்பதை. அதைப் பல்கலைக்கழகத்திடம் கேட்பது உங்கள் உரிமை.

ஆய்வு முடிந்ததும் அந்த அறிக்கை என்ன ஆகிறது?

பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, புள்ளி வழங்கப்பட்டு, அலுமாரிக்குப் போகிறது. எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் விஷயம் இது. மண் கொடுத்த காணிக்காரருக்கும் கட்டில் ஏற அனுமதித்த கமக்காரர் அமைப்புக்கும் முடிவு தெரிவதில்லை. மாணவர்கள் இதை மாற்றலாம். அறிக்கையோடு தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி, அதைச் சிறுபோகக் கூட்டத்தில் வாசியுங்கள். அங்கே கேட்கப்படும் கேள்வியிலிருந்து அடுத்த அணிக்குத் தலைப்பு கிடைக்கும். தரவுத் தாளில் ஒவ்வொரு மாதிரிக்கும் இடத்தின் ஆள்கூறு, ஆழம், எடுத்த மாதம் மூன்றையும் தவறாமல் எழுதுங்கள். மாதம் எழுதாத ஈரப்பதன் எண்ணை அடுத்த ஆய்வாளர் பயன்படுத்த முடியாது.